சி மொழியில் ஹேஷ் டேபிள் எழுதுவது எப்படி: தமிழ்ச் சொற்களை எண்ணும் ஒரு நிரல் வழியாக

ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை உடனே எடுத்துத் தர, பைத்தானில் டிக்ஷனரி உண்டு, ஜாவாவில் ஹேஷ்மேப் உண்டு; சி மொழியின் நிலையான நூலகத்தில் அவற்றுக்கு நிகரான எதுவும் இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் எச்கிரியேட், எச்சர்ச் என்னும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்றாலும், அவை ஒரு நிரலுக்கு ஒரே ஒரு டேபிளைத்தான் தருகின்றன. அதன் கொள்ளளவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே போட்ட கீயை, அதாவது தேடப் பயன்படும் சொல்லை, தனியே நீக்கவும் வழியில்லை. எனவே சி-யில் தொடர்ந்து நிரல் எழுதுபவர் என்றேனும் ஒரு ஹேஷ் டேபிளைத் தாமே எழுத வேண்டி வருகிறது. அதை முறையாக எழுதும் வழியை, ஒரு தமிழ் உரைக்கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலை முன்வைத்து இங்கே விளக்குகிறேன். நகலெடுக்கத்தக்க வரிகளாகத் தராமல், ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஹேஷ் டேபிளின் வரிகள் குறைவு; பிழைகள் பிறப்பது வரிகளுக்குப் பின்னால் இருக்கும் முடிவுகளில்தான்.

அடிப்படை எளிது. ஒரு சொல்லின் பைட்டுகளைக் கொண்டு ஒரு பெரிய எண்ணைக் கணக்கிடுகிறோம். அந்த எண்ணை ஓர் அரேயின் இடஎண்ணாகச் சுருக்குகிறோம். அந்த இடத்தில், அதாவது அந்தப் பக்கெட்டில், சொல்லை வைக்கிறோம். பிறகு தேடும்போது அதே கணக்கைத் திரும்பச் செய்து நேரே அந்த இடத்துக்குப் போகிறோம். இரண்டு சொற்கள் ஒரே பக்கெட்டில் விழுவதை மோதல் என்கிறோம். இது விதிவிலக்கு அன்று, அன்றாட நிகழ்வு. 1024 பக்கெட்டுகள் இருக்கும் டேபிளில் 40 சொற்களைப் போட்டாலே, எங்கேனும் ஒரு மோதல் நேர்ந்திருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். ஒரு பக்கெட்டில் விழும் சொற்களை ஒரு சங்கிலியாகக் கோத்து வைக்கலாம் என்ற யோசனையை ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் ஓர் உள்சுற்றுக் குறிப்பில் எழுதினார். முதல் டேபிளை அந்த முறையிலேயே எழுதுவது நல்லது என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நினைவகத்தில் எப்படி வைப்பது

இரண்டு ஸ்ட்ரக்ட்கள் போதும். முதலாவது நோடு: அதில் 64 பிட் ஹேஷ் எண், கீயின் நீளம், அந்தச் சொல் வந்த எண்ணிக்கை, சங்கிலியில் அடுத்த நோடுக்கான பாயிண்டர், கடைசியாகக் கீயின் எழுத்துகள். இரண்டாவது டேபிள்: நோடு பாயிண்டர்களின் அரே, பக்கெட்டுகளின் எண்ணிக்கை, உள்ளே இருக்கும் சொற்களின் எண்ணிக்கை.

கீ யாருக்குச் சொந்தம் என்பதே இங்கு எடுக்க வேண்டிய முதல் முடிவு. கோப்பைப் படிக்கும் நிரல் பொதுவாக ஒரே பஃபரில்தான் ஒவ்வொரு சொல்லையும் மாற்றி மாற்றி நிரப்புகிறது. நோடில் அந்தப் பஃபரின் முகவரியை மட்டும் குறித்து வைத்தால், கோப்பு முடியும்போது டேபிளில் உள்ள எல்லாக் கீகளும் கடைசியாகப் படித்த சொல்லையே காட்டும். எண்ணிக்கைகள் வேறுவேறாக இருக்க, சொல் மட்டும் எல்லா வரியிலும் ஒன்றாகவே அச்சானால் காரணம் இதுதான். ஆகவே டேபிள் தனக்கென ஒரு நகலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாக, நினைவகம் கேட்கும் ஒரு மால்லாக் அழைப்பு தேவையில்லை. சி99 தரம் ஸ்ட்ரக்ட்டின் கடைசி உறுப்பாக அளவு குறிக்காத அரேயை வைக்க இடம் தருகிறது; நோடின் அளவோடு கீயின் நீளத்தையும், இறுதிப் பூஜ்ய பைட்டுக்காக ஒன்றையும் கூட்டி ஒரே முறையில் நினைவகம் கேட்டுவிடலாம். ‘அம்மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்: அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து யூனிகோடு குறிகள்; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்; ஆக 15 பைட். 64 பிட் கணினியில் நோடின் மற்ற நான்கு உறுப்புகளும் சேர்ந்து 32 பைட் என்பதால், இந்தச் சொல்லுக்கு மொத்தம் 48 பைட் கேட்க வேண்டும். விடுவிக்கும்போதும் ஒரே ஃப்ரீ அழைப்பு. மறந்துவிட இரண்டாவது ஒன்று இல்லை.

ஹேஷ் ஃபங்ஷனும் பக்கெட் எண்ணிக்கையும்

இவ்விரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது பரவலாகக் காணப்படும் தவறு. அவை ஒன்றாகவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும்.

டான் பெர்ன்ஸ்டைனின் பெயரால் வழங்கும் டிஜேபி2 என்ற ஹேஷ் ஃபங்ஷன் பல பாடங்களில் வருகிறது. 5381 என்ற எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் இதுவரை வந்ததை 33-ஆல் பெருக்கி அந்தப் பைட்டைக் கூட்டுவதுதான் அது. ‘அ’ என்ற ஓரெழுத்துக்கு இதைச் செய்து பார்ப்போம். அதன் பைட்டுகள் 224, 174, 133. 5381-ஐ 33-ஆல் பெருக்கி 224-ஐக் கூட்டினால் 177797. மறுபடி பெருக்கி 174-ஐக் கூட்டினால் 5867475. இன்னொரு முறை பெருக்கி 133-ஐக் கூட்டினால் 193626808. பக்கெட்டுகள் 16 என்றால் இதை 16-ஆல் வகுத்த மீதியான 8 தான் இடஎண். இதே வழியில் ‘ஆ’ 9-ஆம் பக்கெட்டிலும் ‘இ’ 10-ஆம் பக்கெட்டிலும் விழும்.

இதுவரை குறை ஒன்றும் தெரியாது. ஆனால் 33 என்பது 32-ஐவிட ஒன்று மட்டுமே கூடுதல். அதை 16-ஆலோ 32-ஆலோ வகுத்தால் மீதி 1. பக்கெட் எண்ணிக்கை 16 அல்லது 32 ஆக இருக்கும்வரை 33-ஆல் பெருக்குவது இடஎண்ணில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. பைட்டுகளை வெறுமனே கூட்டிக்கொண்டு போவதுதான் மிஞ்சுகிறது. கூட்டலில் வரிசைக்கு இடமில்லை அல்லவா? ‘கதவு’, ‘தகவு’ இரண்டும் ஒரே குறிகளை இடம் மாற்றி எழுதியவை. 32 பக்கெட் டேபிளில் இரண்டும் 13-ஆம் பக்கெட்டில் விழுகின்றன. ‘அவரை’யும் ‘அரவை’யும் 16-ஆம் பக்கெட்டில் விழுகின்றன. ஃபங்ஷன் தரும் முழு எண்கள் வேறுவேறாக இருந்தும், அவற்றின் கீழ்ப் பிட்டுகளை மட்டும் எடுத்ததால் வந்த விளைவு இது.

தீர்வு இரண்டு. பக்கெட் எண்ணிக்கையைப் பகா எண்ணாக வைத்து மீதி காண்பது ஒரு வழி. 2-இன் அடுக்காகவே வைத்துக்கொண்டு, கலக்கும் வேலையை ஹேஷ் ஃபங்ஷனிடம் முழுமையாக ஒப்படைப்பது மற்றொரு வழி. நான் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன். வகுத்தலுக்குப் பதிலாக ஒரே ஓர் ‘அண்ட்’ பிட் செயல் போதும், டேபிளை விரிக்கும்போதும் கணக்கு எளிதாகும். ஃபங்ஷனாக எஃப்என்வி-1ஏ-வை எடுத்துக்கொள்ளலாம். க்ளென் ஃபவுலர், லாண்டன் கர்ட் நோல், ஃபாங் வோ ஆகிய மூவரின் பெயர்களிலிருந்து வந்த சுருக்கம் அது. அதன் 64 பிட் வடிவம் 14695981039346656037 என்ற எண்ணில் தொடங்குகிறது. ஒவ்வொரு பைட்டையும் இதுவரை வந்த எண்ணோடு எக்ஸ்ஓஆர் செய்து, பிறகு 1099511628211-ஆல் பெருக்குகிறது. முடிவில் நம் பங்குக்கு ஒரு படி சேர்க்க வேண்டும்: பெருக்கல் பிட்டுகளின் தாக்கத்தை மேல்நோக்கி மட்டுமே கொண்டுசெல்லும் என்பதால், மேல் 32 பிட்டுகளை 32 இடம் வலப்புறம் நகர்த்திக் கீழ்ப் பிட்டுகளோடு எக்ஸ்ஓஆர் செய்துவிட வேண்டும். தமிழ் உரைக்கு இந்தப் படி முக்கியம். முதல் பைட் எல்லாக் குறிகளிலும் 224, இரண்டாம் பைட் 174 அல்லது 175, மாறுவது பெரும்பாலும் மூன்றாம் பைட் மட்டுமே.

பைட்டைப் படிக்கும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சி-யின் ‘சார்’ வகை குறியுடையதா குறியற்றதா என்பதைத் தரம் கம்பைலரிடமே விட்டுவிட்டது. எக்ஸ்86 கணினிகளில் அது பொதுவாகக் குறியுடையது; லினக்ஸ் ஓடும் ஆர்ம் கணினிகளில் பொதுவாகக் குறியற்றது. ஆங்கில எழுத்துகள் 127-க்குள் அடங்கிவிடுவதால் வேறுபாடு தெரியாது. தமிழின் முதல் பைட்டான 224 குறியுடைய வகையில் -32 ஆகிவிடும். ஹேஷ் எண்ணையும் குறியுடைய ‘இன்ட்’ வகையில் வைத்திருந்தால், அது எதிர்மறையாகி, மீதியும் எதிர்மறையாகி, அரேயின் எல்லைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைத் தொட நேரும். ஆங்கிலக் கோப்பில் ஓடிய நிரல் தமிழ்க் கோப்பைக் கொடுத்ததும் சாய்கிறது என்றால் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். ஹேஷ் எண் 64 பிட் குறியற்ற வகையாகவும், பைட் படிக்கும் பாயிண்டர் ‘அன்சைன்ட் சார்’ பாயிண்டராகவும் இருப்பது கட்டாயம். இடைவெளியையும் நிறுத்தற்குறியையும் சோதிக்கும் ஐஸ்ஸ்பேஸ், ஐஸ்பங்க்ட் ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் பைட்டுக்கும் இது பொருந்தும்.

தமிழ்க் கீகளுக்கே உரிய இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் 6 பைட், எகரக் குறி, கால் எனப் பிரித்து எழுதினால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஹேஷ் டேபிளுக்கு இரண்டும் வேறு. ஒரே சொல் பட்டியலில் இருமுறை வந்தால் டேபிளில் பிழை தேட வேண்டாம். இடும் முன்பே உரையை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளுக்கும் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் மட்டுமே இந்தச் சிக்கல் என்பதால், அந்த நான்கு மாற்றங்களைச் செய்யும் சிறு ஃபங்ஷனே இதற்குப் போதும்.

தேடுதலும் இடுதலும்

தேடும் ஃபங்ஷன் கீயின் ஹேஷைக் கணக்கிட்டு, அதைப் பக்கெட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த எண்ணோடு ‘அண்ட்’ செய்து, அந்தப் பக்கெட்டின் சங்கிலியில் நடக்க வேண்டும். ஒவ்வொரு நோடிலும் முதலில் 64 பிட் ஹேஷை ஒப்பிட வேண்டும், அது பொருந்தினால் நீளத்தை, அதுவும் பொருந்தினால் மட்டுமே, பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் கொண்டு எழுத்துகளை. ஹேஷ் ஒத்துப்போனாலே சொல்லும் ஒன்றுதான் என்று கருதி நிறுத்திக்கொள்ளக் கூடாது.

சொற்களை எண்ணும் நிரலுக்குத் தேடுதல், இடுதல் என இரு தனி அழைப்புகள் வைப்பது வீண்; ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் ஹேஷை இருமுறை கணக்கிட நேரும். அதற்குப் பதிலாக, இருந்தால் கண்டுபிடித்து, இல்லாவிட்டால் எண்ணிக்கை பூஜ்யத்தோடு புதிதாக இட்டு, எப்படியானாலும் எண்ணிக்கையின் முகவரியைத் திருப்பித் தரும் ஒரே ஃபங்ஷனை எழுதலாம். அழைப்பவர் அதில் ஒன்றைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. மால்லாக் தோற்றால் அந்த ஃபங்ஷன் நல் (NULL) பாயிண்டரைத் திருப்ப வேண்டும், அழைப்பவர் அதைச் சோதிக்க வேண்டும். புது நோடைச் சங்கிலியின் தலையில் சேர்ப்பதே எளிது.

விரித்தல்

சொற்கள் பெருகப் பெருகச் சங்கிலிகள் நீளும். சொற்களின் எண்ணிக்கையைப் பக்கெட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது சுமை விகிதம். சங்கிலி முறையில் அது 1-ஐ எட்டியதும் பக்கெட்டுகளை இரட்டிப்பாக்குவது போதுமானது. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவதால், டேபிள் வளர்ந்து முடியும்வரை நோடுகளை இடம் மாற்றிய மொத்த எண்ணிக்கை, இட்ட சொற்களின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கைத் தாண்டாது. நூறு நூறு பக்கெட்டுகளாகக் கூட்டிக்கொண்டே போனால் இந்த நன்மை போய், வேலை சொற்களின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறிவிடும்.

விரிக்கும் ஃபங்ஷன் முதலில் புதிய அரேயை, நினைவகத்தைப் பூஜ்யமாக்கித் தரும் கால்லாக் மூலம் பெற வேண்டும். அது கிடைத்த பிறகே பழையதைத் தொட வேண்டும். கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடலாம்: சங்கிலி முறையில் டேபிள் சற்று மெதுவாகுமே தவிர, தவறாகாது. இருக்கும் நினைவகத்தின் அளவை மட்டும் மாற்றும் ரீயால்லாக் இங்கே உதவாது. பக்கெட் எண்ணிக்கை மாறியதும் நோடுகளின் இடமும் மாறுவதால், ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி கோக்க வேண்டும். நோடிலேயே ஹேஷ் எண் இருப்பதால் அதைத் திரும்பக் கணக்கிடத் தேவையில்லை. 16 பக்கெட்டுகள் 32 ஆகும்போது, 5-ஆம் பக்கெட்டில் இருந்த நோடு 5-இலேயே இருக்கும் அல்லது 21-க்குப் போகும், வேறெங்கும் போகாது. சங்கிலியில் நடக்கும்போது, நோடைப் புதிய இடத்தில் கோக்கும் முன்பே அதன் அடுத்த பாயிண்டரை ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வைக்காவிட்டால், பழைய சங்கிலியின் மிச்சம் தொலைந்துபோகும்.

நீக்குதல்

நீக்கும் ஃபங்ஷனைப் பலர் முந்தைய நோடுக்கு ஒரு பாயிண்டர், நடப்பு நோடுக்கு ஒரு பாயிண்டர் என இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீக்க வேண்டியது தலையில் இருந்தால் ஒரு கிளை, நடுவில் இருந்தால் இன்னொரு கிளை என எழுதுகிறார்கள். பாயிண்டருக்கான பாயிண்டர் ஒன்றை வைத்தால் கிளைகள் இல்லாமலே முடியும். அது தொடக்கத்தில் பக்கெட்டின் முகவரியைக் குறிக்கட்டும். ஒவ்வோர் அடியிலும், கடந்துபோகும் நோடின் ‘அடுத்தது’ என்ற உறுப்பின் முகவரிக்கு நகரட்டும். வேண்டிய நோடைக் கண்டதும், அது குறிக்கும் இடத்தில் அந்த நோடின் அடுத்ததை எழுதிவிட்டு நோடை விடுவித்தால் போதும். தலை, நடு, கடை மூன்றுக்கும் இதே வரிகள்.

திறந்த முகவரி முறையைப் பற்றி

சங்கிலி இல்லாமல் சொற்களை அரேயிலேயே வைப்பது திறந்த முகவரி முறை; மோதினால் அடுத்தடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே போகும் நேர்த் துழாவல் அதில் ஒரு வகை. ஐபிஎம் 701 கணினிக்கான அசெம்ப்ளரை 1954-இல் எழுதியபோது ஜீன் அம்டால், எலெய்ன் மெக்ரா, ஆர்தர் சாமுவேல் ஆகியோர் இதைப் பயன்படுத்தினர். 1963-இல் டொனால்ட் க்னூத் இதைக் கணித முறையில் ஆராய்ந்தார். டேபிளில் இல்லாத ஒரு சொல்லைத் தேடப் பார்க்க வேண்டிய இடங்களின் சராசரி, பாதி நிறைந்த டேபிளில் 2.5, முக்கால் நிறைந்ததில் 8.5, பத்தில் ஒன்பது பங்கு நிறைந்ததில் 50.5. ஆகவே இந்த முறையில் சுமை விகிதம் 0.7-ஐ ஒட்டியதுமே விரித்துவிட வேண்டும். நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களைப் பார்ப்பதால் இன்றைய செயலிகளில் இது வேகமானது. ஆயினும் நீக்கும்போது இடத்தை வெறுமையாக விட முடியாது. விட்டால் அதைத் தாண்டி வைக்கப்பட்ட சொற்கள் தேடலில் அகப்படாது. நீக்கப்பட்டது என்ற அடையாளம் இட வேண்டும், அல்லது பின்னால் உள்ளவற்றை முன்னுக்கு நகர்த்த வேண்டும். விரிக்கும்போது மதிப்புகளின் முகவரியும் மாறிவிடும். சங்கிலி முறையில் நோடு அதே இடத்தில் இருப்பதால், முன்பு திருப்பித் தந்த எண்ணிக்கையின் முகவரி விரித்த பிறகும் செல்லும். முதலில் எழுதச் சங்கிலி முறையே ஏற்றது என்று நான் சொல்வதற்கு இவ்விரண்டுமே காரணம்.

சோதித்தல்

நான் மிகவும் நம்பும் சோதனை இது: ஹேஷ் ஃபங்ஷனைத் தற்காலிகமாக எப்போதும் பூஜ்யம் தருமாறு மாற்றி, எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். எல்லாச் சொற்களும் ஒரே சங்கிலியில் விழும், நிரல் மெதுவாகும், விடை மட்டும் ஒரு சொல்கூட மாறக் கூடாது. மாறினால் ஒப்பிடுதலிலோ நீக்குதலிலோ பிழை இருக்கிறது. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் கிடைக்கும் அட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து ஓட்டுவது, எல்லை மீறலையும் விடுவித்த பின் தொடுவதையும் அதே கணத்தில் காட்டிவிடும்.

அடுத்தது பரவலைப் பார்ப்பது. 1024 பக்கெட்டுகளில் 1024 சொற்கள் சீராக விழுந்திருந்தால் ஏறத்தாழ 377 பக்கெட்டுகள் காலியாகவும், 377 பக்கெட்டுகளில் ஒரே ஒரு சொல்லும், 188-இல் இரண்டு சொற்களும், மீதி 80 சொச்சத்தில் மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். ஏழு நோடுகள் கொண்ட சங்கிலி அரிதாகவே அமையும். சங்கிலி நீளங்களை எண்ணி அச்சிடும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, உண்மையான தமிழ்க் கோப்பில் ஓட்டி, இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். காலிப் பக்கெட்டுகள் பாதியைத் தாண்டினால் ஹேஷ் ஃபங்ஷனைச் சந்தேகிக்க வேண்டும்.

கீகள் வெளியாரிடமிருந்து வருபவை என்றால், எடுத்துக்காட்டாக வலைச் சேவை ஒன்றின் உள்ளீடு என்றால், சீரான பரவல் மட்டும் போதாது. 33-ஆல் பெருக்கும் ஃபங்ஷனில் ஒரு பைட்டை 1 கூட்டி அடுத்த பைட்டை 33 குறைத்தால் ஹேஷ் மாறாது; இப்படிப் பத்து இணைகளை அடுக்கினால் ஒரே ஹேஷ் கொண்ட 1024 எழுத்துத் தொடர்கள் கிடைத்துவிடும். இத்தகைய தாக்குதலை 2003-இல் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் விளக்கினர். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் மாநாட்டில் அது பிஎச்பி, ஜாவா, பைத்தான் உள்ளிட்ட மொழிகளில் வேலை செய்வது காட்டப்பட்டது. எஃப்என்வி-யும் இதற்குத் தாங்காது. அந்த இடத்தில், ஜீன்-ஃபிலிப் ஓமாசனும் பெர்ன்ஸ்டைனும் 2012-இல் வெளியிட்ட சிப்ஹேஷ் ஃபங்ஷனை, நிரல் தொடங்கும்போது இயங்குதளத்திடம் கேட்டுப் பெறும் இரகசிய எண்ணோடு பயன்படுத்த வேண்டும்.

விடையை வெளியிடுதல்

ஹேஷ் டேபிளுக்கு வரிசை கிடையாது. பக்கெட் பக்கெட்டாக நடந்து அச்சிட்டால் சொற்கள் சிதறித்தான் வரும். நோடு பாயிண்டர்களை ஓர் அரேயில் திரட்டி, நிலையான நூலகத்தின் கியூசார்ட் கொண்டு எண்ணிக்கையின்படி இறங்கு வரிசையில் அடுக்கலாம். ஒப்பீட்டு ஃபங்ஷனில் எண்ணிக்கைகளைக் கழித்து விடையைத் திருப்பக் கூடாது. எண்ணிக்கை குறியற்ற வகை என்பதால் எதிர்மறை வராது. பெரிதா சிறிதா என்று சோதித்து 1, -1, 0 திருப்புவதே சரி. எண்ணிக்கை சமமாக உள்ள சொற்களை மெம்கம்ப் கொண்டு அடுக்கினால் வருவது யூனிகோடு வரிசை. அது அகரமுதலி வரிசை ஆகாது. யூனிகோடில் னகரம் பகரத்துக்கு முன்னால் இருக்கிறது, ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் இருக்கின்றன, புள்ளி உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. அகரமுதலி வரிசை வேண்டுமானால் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய தரவரிசை எண்ணை 128 இடங்கள் கொண்ட ஒரு சிறு அரேயில் எழுதி வைத்து, ஒப்பீட்டு ஃபங்ஷன் பைட்டுகளுக்குப் பதிலாக அந்த எண்களை ஒப்பிடுமாறு செய்ய வேண்டும். புள்ளியையும் அதைத் தாங்கும் மெய்யையும் ஒன்றாகச் சேர்த்து ஓரெழுத்தாகக் கருதி ஒப்பிட்டால்தான் ‘பக்கம்’ ‘பகல்’ என்பதற்கு முன்னால் வரும்.